பழைய இரும்புக்காரர் வருமுன்

வீட்டுப் பின்புறத்தில் ஓடாத வாஷிங் மெஷின் ஒன்று தென்னை மரத்தடியில் நனைந்துகொண்டு கிடக்கிறதா? பழைய இரும்பு வாங்குகிறவர் எடையைப் பார்த்து விலை சொல்வார். உள்ளே நல்ல மோட்டர் இருக்கிறதா என்பது அவர் கவலையில்லை. அது உங்கள் கவலை. குருக்கள்மடம் போல ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் உள்ள ஊரில் இந்தக் கவலையைத் தள்ளிப்போடவும் முடியாது. உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது.

மெஷின் பழுதென்றால் மோட்டரும் பழுதுதானே?

பெரும்பாலும் இல்லை. இரட்டைத் தொட்டி மெஷினில் முதலில் கைவிடுவது ரைமர் (நேரம் வைக்கும் திருகி), அல்லது தண்ணீர் போகும் குழாய், அல்லது வெடித்த பிளாஸ்டிக் தொட்டி. மோட்டர் தப்பியிருக்கும். கியூபாவில் 1991க்குப் பிறகு, சோவியத் ஒன்றியம் குலைந்து பொருள் வரத்து நின்றபோது, மக்கள் 'அவுரிகா' என்ற சோவியத் வாஷிங் மெஷினின் மோட்டரைக் கழற்றி மின்விசிறியும் சாவி வெட்டும் கருவியும் செய்தார்கள். நமக்கும் இது புதிதல்ல. 1990களில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்த மோட்டரை வைத்து என்ன செய்யலாம்?

துவைக்கும் தொட்டியின் மோட்டர் நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 1,400 சுற்று அளவில் ஓடும். பலகை, சிரட்டை, கத்திப்பிடி ஆகியவற்றைத் தேய்த்து மினுக்கும் தட்டு செய்ய இந்த வேகம் போதும். ஒட்டுப்பலகையில் 6 அங்குல வட்டம் வெட்டி, மோட்டரில் பெல்ட் ஓடிய கப்பியின் மேல் நடுவம் பிசகாமல் திருகி, சாண்ட் பேப்பரை ஒட்டினால் வேலை முடிந்தது. தட்டு ஆடினால் போடவேண்டாம், திரும்பக் கழற்றி நடுவம் பாருங்கள். சாணைக்கல் பொருத்தலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். கல்லுக்கு மறைப்புக் கூடும் சரியான பிடியும் தேவை. வெடிப்புள்ள கல் உடைந்து பறந்தால் முகத்துக்குத்தான் வரும்.

வயர் எது எதென்று எப்படித் தெரியும்?

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். அதன் பிறகும் கப்பாசிற்றரில் (மின்னைத் தேக்கிவைக்கும் சிறு பெட்டி) மின் மிஞ்சியிருக்கலாம். பழைய குமிழ் பல்ப் ஒன்றின் இரு வயர்களைக் கப்பாசிற்றரின் இரு முனைகளிலும் தொட்டுப் பிடித்தால் அது வடிந்துவிடும்.

மோட்டரிலிருந்து மூன்று வயர் வரும். மல்ரிமீற்றரை (மின் அளக்கும் கருவி) மின்தடை அளக்கும் இடத்தில் வைத்து இரண்டிரண்டாகப் பாருங்கள். எந்த இரண்டுக்கு இடையில் எண் கூடுதலாக, மற்றவற்றின் இரட்டிப்பாக வருகிறதோ, அந்த இரண்டுக்கும் குறுக்கே கப்பாசிற்றர். மிஞ்சிய வயருக்கு நியூட்ரல். கப்பாசிற்றர் பூட்டிய இரண்டில் ஏதாவது ஒன்றுக்கு லைவ். லைவை மற்றதற்கு மாற்றினால் மோட்டர் எதிர்ப்பக்கம் சுற்றும். துணி இருபுறமும் புரண்டது இப்படித்தான்.

இன்னொரு சோதனை, இதுதான் முக்கியம்: எந்த வயருக்கும் மோட்டரின் இரும்பு உடம்புக்கும் இடையில் எண் வரவே கூடாது. வந்தால் அதை இரும்புக்காரருக்கே கொடுத்துவிடுங்கள்.

எல்லாம் சரி, கரண்ட் அடிக்காதா?

230 வோல்ற்று என்பதை மறந்தால் அடிக்கும். மோட்டரின் உடம்புக்கு எர்த் வயர் கட்டாயம். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். இணைப்பில் சந்தேகம் என்றால் வயரிங் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுப் பிளக்கைப் போடுங்கள். ஈர மணலில் வெறுங்காலோடு நிற்க வேண்டாம். தொங்கும் சாரம், அவிழ்ந்த கூந்தல், சேலைத் தலைப்பு மூன்றையும் தட்டு இழுத்துக்கொள்ளும். பலகையைத் தட்டின் கீழ்நோக்கிச் சுழலும் பாதியில்தான் பிடிக்கவேண்டும். மேல்நோக்கிச் சுழலும் பாதி அதைத் தூக்கி எறியும். துவைக்கும் ரைமர் 15 நிமிடத்துக்குமேல் போகாது என்பதைக் கவனித்திருப்பீர்கள். மோட்டரும் அவ்வளவு ஓட்டத்துக்கே செய்தது, இடையிடையே ஆறவிடுங்கள்.

மோட்டர் வேண்டாம், எளிதாக ஏதாவது?

உடைந்த கட்டில், கதவு நிலை. முதிரையோ தேக்கோ என்றால் அந்த மரம் கடையில் இன்று மலிவாகக் கிடைக்காது. வாளைப் போடுமுன் பழைய ஸ்பீக்கரின் காந்தத்தைப் பலகையின் மேல் மெதுவாக இழுங்கள். மறைந்திருக்கும் ஆணி காந்தத்தைப் பிடிக்கும், உங்கள் வாளின் பல் தப்பும். முதிரைக்கு நேரே ஆணி அடித்தால் ஆணிதான் வளையும், ஓட்டை துளைத்துவிட்டுத் திருகாணி போடுங்கள்.

சைக்கிள் ரியூப்பை நீளமாக வெட்டிய பட்டி, கதிரைக் கால் ஒட்டும்போது கவ்வியின் வேலையைச் செய்யும். இழுத்து இழுத்துச் சுற்ற வேண்டும், அவ்வளவுதான்.

ஆணி போட்டுவைக்கப் பால்மாப் பேணியைத்தான் எல்லோரும் எடுக்கிறோம். இந்தக் காற்றுக்கு அது சரிவராது, பேணியும் ஆணியும் சேர்ந்து கறள் பிடிக்கும். இறுக்கமான மூடியுள்ள ஜாம் போத்தலில், எஞ்சின் எண்ணெய் தோய்த்த சிறு துணியோடு போட்டுவையுங்கள்.

போத்தல் விளக்கு?

செய்யலாம், ஆனால் எந்தப் போத்தல் என்பதில்தான் உயிர் இருக்கிறது. உயரப் போத்தல் சரிந்தால் மண்ணெண்ணெய் சிந்தித் தீ பரவும். இலங்கைச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, இப்படி எரிந்து வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து, கட்டையான மாமைட் போத்தலிலிருந்து தொடங்கிப் பாதுகாப்பான விளக்கொன்றை உருவாக்கினார். கட்டை, கனம், உருளாதபடி இரு பக்கம் தட்டை, திருகி மூடும் உலோக மூடி. அதற்கு 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. நீங்கள் செய்தாலும் இந்த நான்கையும் பாருங்கள்.

எதைத் திறக்கவே கூடாது?

மைக்ரோவேவ் அடுப்பு. அதன் கப்பாசிற்றரில் 2,000 வோல்ற்று அளவுக்கு மின் நிற்கும், மேலே சொன்ன பல்ப் வித்தை அங்கே செல்லாது. பழைய பெட்டி ரிவியின் படக்குழாயும் அப்படியே. ஃபிரிட்ஜின் செப்புக் குழாயை வெட்டாதீர்கள், சில ஃபிரிட்ஜ்களில் இருப்பது தீப்பற்றும் வாயு. அதன் கதவை மட்டும் முதல் வேலையாகக் கழற்றிவிடுங்கள், ஒளித்து விளையாடும் பிள்ளைகள் உள்ளே போய் அடைபடாதிருக்க. அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டை வாளால் அறுக்கவும் வேண்டாம், துளைக்கவும் வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலில் தங்கினால் வெளியே வராது. செப்பு எடுக்க வயரைக் கொளுத்துவதும் வேண்டாம். கத்தியால் தோலை உரித்தால் அதே செப்பு, புகையில்லாமல்.

பழைய பற்றரியை உடைத்து வலைக்கு ஈயம் வார்க்கலாமா?

வாவிக்கரையில் இந்தக் கேள்வி வரும். கூடாது. உள்ளே இருப்பது கந்தக அமிலம். ஈயத்தூசு உங்கள் உடுப்போடு வீட்டுக்குள் வந்து தரையில் தவழும் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போகும், அது குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பற்றரியை உடைக்காமல் முழுசாகக் கடைக்குக் கொண்டுபோனால், புதியது வாங்கும்போது விலையில் கழித்துக்கொள்வார்கள்.