கருந்துளையைச் சூழ்ந்த வாயுவும் நட்சத்திரங்களின் பிறப்பும்

கருந்துளை என்றதும் அருகில் வரும் அனைத்தையும் விழுங்கித் தீர்க்கும் ஓர் அரக்கனையே நாம் கற்பனை செய்து பழகிவிட்டோம். ஆனால் மாபெரும் நட்சத்திர மண்டலங்களின் மையத்திலுள்ள கருந்துளைகளைப் பொறுத்தவரை, அவை எதை விழுங்குகின்றன என்பதைவிட, விழுங்கும்போது எதை வெளியே வீசுகின்றன என்பதே முக்கியமானது. அந்த வீச்சைத் தாங்குவது மண்டலத்தைச் சூழ்ந்துள்ள வாயுவாகும். நட்சத்திரங்களுக்கான மூலப்பொருளும் அதுவே. வாயு குளிர்ந்து சுருங்கினால்தான் நட்சத்திரம் பிறக்கும். சூடேறிப் பரந்திருந்தால் பிறக்காது.

எம்மிலிருந்து சுமார் 25 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள பெர்சியஸ் என்ற நட்சத்திர மண்டலக் கொத்தை எடுத்துக்கொள்வோம். அதனை நிறைத்திருக்கும் வாயுவின் வெப்பநிலை பல கோடி பாகையாகும். எக்ஸ் கதிர்களாகச் சக்தியை இழந்துவரும் அந்த வாயு, இதற்குள் மையத்தில் குளிர்ந்து ஏராளமான நட்சத்திரங்களை ஈன்றிருக்க வேண்டும். கணக்கின்படி நடக்க வேண்டிய அளவுக்கு அது நடக்கவில்லை. 2003 ஆம் ஆண்டில் சந்திரா விண்தொலைநோக்கி (தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது) அதற்கான தடயத்தைக் காட்டியது. மையக் கருந்துளையின் தாரைகள் ஊதிய பாரிய குமிழிகளும், அவற்றிலிருந்து வாயுவினூடே பரவும் ஒலியலைகளும் அதில் பதிவாகியிருந்தன. ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையிலான காலம் ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு! கருந்துளை இவ்வாறு செலுத்தும் சக்தியே வாயுவைக் குளிரவிடாது தடுக்கின்றது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கமாகும். வாயு குளிர்ந்து உள்ளே விழுந்தால் கருந்துளை உக்கிரமடையும். உக்கிரமடைந்தால் வாயு சூடேறி, அதன் இரையே குறைந்துபோகும். பொங்கி வழியும் பால் அடுப்பை அணைத்துவிட, கொதிப்பு தானே அடங்குவதைப் போன்றதொரு சுழற்சி இது.

அப்படியாயின் இத்தகைய மண்டலங்களின் எண்ணற்ற நட்சத்திரங்கள் எவ்வாறு தோன்றின? விடை தேட மிகத் தொலைவை, அதாவது மிகப் பழைய காலத்தை நோக்க வேண்டியுள்ளது. 'சிலந்திவலை' எனப்படும் மண்டலத்தின் ஒளி எம்மை வந்தடைய 1,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் எடுத்துள்ளது. அதன் கருந்துளையும் உக்கிரமானதே. ஆயினும் அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் உள்ள வானொலித் தொலைநோக்கிகள் மூலம் 2016 இல் வெளியான ஆய்வு, அதனைச் சூழ்ந்து குளிர்ந்த வாயுக் கடலொன்று இருப்பதைக் கண்டறிந்தது. காபனோரொட்சைட்டின் சமிக்ஞையைக் கொண்டு அளக்கப்பட்ட அவ்வாயுவின் திணிவு, சுமார் 10,000 கோடி சூரியன்களுக்குச் சமமானது. அதிலிருந்து நட்சத்திரங்கள் நேரடியாகவே பிறந்துகொண்டிருந்தன. சிறு மண்டலங்களை விழுங்கியே பெரியவை வளர்கின்றன என்று கருதிவந்தோருக்கு இது வியப்பளித்திருக்கும்.

அந்தக் குளிர்காலம் நிலைக்கவில்லை போலும். சிலியிலுள்ள அல்மா தொலைநோக்கி, பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சின் மீது விழும் நிழலைக் கொண்டு, அதே சிலந்திவலையைச் சுற்றிச் சூடான வாயுவும் திரளத் தொடங்கியிருந்ததை 2023 இல் உறுதிப்படுத்தியது.