ரயில் விட்டுச் சென்ற பாதையில் சைக்கிள்

ஆயிரம் குதிரைத் திறன் கொண்ட ரயில் எஞ்சின் ஒன்று ஒரு மேட்டின் அடியில் நின்று திணறுகிறது. சக்கரங்கள் சுழல்கின்றன, வண்டி நகரவில்லை. அதே மேட்டில் பள்ளி மாணவன் ஒருவன் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஏறிப் போய்விடுகிறான். இது கட்டுக்கதை அன்று. மேடு ஏறுவதில் ரயிலைப் போலப் பலவீனமான வாகனத்தைக் காண்பது அரிது.

ரயிலின் இந்தப் பலவீனம் சைக்கிள்காரர்களுக்கு ஒரு பெரிய சொத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது. அதைக் காண வேண்டுமானால் ஸ்பெயின் நாட்டுக்குப் போக வேண்டும். அங்கே ரயில் ஓடி ஓய்ந்துபோன பாதைகளில் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டு, சரளை பரப்பிச் சைக்கிள் பாதைகளாக மாற்றியிருக்கிறார்கள். 'வியாஸ் வெர்தெஸ்' என்பது அவற்றின் பெயர். பசுமைப் பாதைகள் என்று பொருள். காரோ லாரியோ அவற்றில் ஓடக்கூடாது. சைக்கிளும், நடப்பவர்களும், சக்கர நாற்காலியும்தான்.

முதலில் ரயிலின் கதையைப் பார்ப்போம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது தடை மிகக் குறைவு. சமதளத்தில் ஒரு டன் சரக்கை உருட்டிச் செல்ல ஏறக்குறைய 4 கிலோகிராம் எடைக்குச் சமமான இழுவிசை போதும். ஆனால் அந்த வழவழப்பே வினையாகவும் முடிகிறது. எஞ்சினின் சக்கரம் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டால்தானே வண்டியை இழுக்க முடியும்? உலர்ந்த தண்டவாளத்தில்கூட, எஞ்சின் தன் எடையில் பொதுவாக ஐந்தில் ஒரு பங்கு, கால் பங்கு அளவுக்குத்தான் இழுக்கலாம். அதற்குமேல் எவ்வளவு ஆற்றலைக் கொடுத்தாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழலும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எஞ்சின் 50 டன் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தில் ஒரு பங்கு என்றால் 10 டன், அதாவது 10,000 கிலோகிராம் இழுவிசை. சமதளத்தில் டன்னுக்கு 4 கிலோ வீதம் 2,500 டன்னை அது இழுத்துவிடும். பாதை 50 மீட்டருக்கு 1 மீட்டர் உயர்கிறது என்றால் என்ன ஆகும்? ஒவ்வொரு டன்னையும் மேலே ஏற்ற இன்னும் 20 கிலோ விசை தேவை. ஆக டன்னுக்கு 24 கிலோ. இப்போது இழுக்கக்கூடியது ஏறக்குறைய 416 டன்தான், அதுவும் எஞ்சினின் எடையையும் சேர்த்து! கண்ணுக்கு மேடாகவே தெரியாத ஒரு சாய்வு, ரயிலின் சுமையை ஆறில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகிறது. 12 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற செங்குத்தில் ஏறும் நம் ஊட்டி மலை ரயிலுக்குத் தண்டவாளங்களின் நடுவே பல் சட்டம் வைத்திருப்பது இதனால்தான்.

எனவே ரயில் பாதை போடுகிறவர்கள் மேட்டைக் கண்டால் அஞ்சுவார்கள். மலை குறுக்கிட்டால் குடைவார்கள். பள்ளம் வந்தால் பாலம் கட்டுவார்கள். இரண்டும் முடியாவிட்டால் மலையைச் சுற்றிச் சுற்றிப் போவார்கள். ஸ்பெயினோ மலை நாடு. அதன் சராசரி உயரம் கடல் மட்டத்துக்கு மேல் 600 மீட்டரைத் தாண்டும். அங்கே ஒரு ரயில் பாதைக்காக எத்தனை கைகள் பாறையை உடைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அவ்வளவு பாடுபட்டுப் போட்ட பாதைகள் பல நெடுநாள் நிலைக்கவில்லை. சுரங்கம் வற்றியது, லாரி வந்தது, கிராமத்து மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1985 ஜனவரி 1 அன்று மட்டும் 900 கி.மீ.க்கு மேற்பட்ட பாதைகளில் ரயில் நிறுத்தப்பட்டது. 1993இல் கணக்கெடுத்தபோது நாட்டில் 7,600 கி.மீ. பாதை புதர் மண்டிக் கிடந்தது. அந்த ஆண்டுதான் ஸ்பானிய ரயில்வே அறக்கட்டளையும் அரசும் சேர்ந்து பசுமைப் பாதைத் திட்டத்தைத் தொடங்கின. இன்று 3,000 கி.மீ.க்கு மேல் சைக்கிள் ஓடுகிறது.

இதில் மகிழ்ச்சி மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது. மருத்துவமனைக்கோ சந்தைக்கோ போக ரயிலை நம்பியிருந்த முதியவருக்குச் சைக்கிள் பாதை ஈடாகுமா? ஆகாது. ஆனால் ரயில் நின்றபின் அந்த நிலத்தைத் துண்டு துண்டாக விற்றிருந்தால், பாதை என்பதே அழிந்திருக்கும். முழு நீளமும் பொதுச் சொத்தாகவே காக்கப்பட்டதை நல்ல காரியம் என்றே சொல்ல வேண்டும்.

தண்டவாளத்தை எடுத்தவுடன் சைக்கிள் விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். ரயில் பாதையில் கிடக்கும் ஜல்லி எலுமிச்சம்பழ அளவு இருக்கும். அதில் நடப்பதே கடினம். அந்த ஜல்லியின்மேல், உடைத்த சிறு கல்லையும் கல்தூளையும் கலந்து பரப்பி, நீர் தெளித்து, உருளையால் அழுத்துகிறார்கள். ஆற்றுக் கூழாங்கல் இதற்கு உதவாது. உருண்டைக் கல் ஒன்றன்மேல் ஒன்று உருளும்; உடைத்த கல்லின் முனைகளோ ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். இடைவெளியைத் தூள் அடைத்துக்கொள்ளும். சரளைப் பாதைக்கு உண்மையான பகை சக்கரம் அன்று, தண்ணீர்தான். மழைநீர் பாதையின் நீளத்தில் ஓடினால் ஒரே பருவத்தில் வாய்க்கால் வெட்டிவிடும். ஆகவே நீர் பக்கவாட்டில் வடியும்படி பாதையைச் சற்றே சரிவாக அமைக்கிறார்கள். ரயில்காரர்கள் அன்று வெட்டிய ஓரக் கால்வாய்கள் இதற்கும் கைகொடுக்கின்றன.

சரளையில் போகும் சைக்கிளுக்கு 4 சென்டிமீட்டர் அகலமுள்ள டயர் போட்டு, காற்றைச் சற்றுக் குறைவாக அடிப்பார்கள். டயர் கல்லாக இறுகி இருந்தால் ஒவ்வொரு சிறு கல்லிலும் வண்டியும் ஆளும் சேர்ந்து துள்ளி எழ வேண்டும். அந்த ஆற்றல் வீண். மெத்தென்ற டயரோ கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு போய்விடும்.

இப்போது சைக்கிள்காரனின் கணக்கு. மாணவன் 55 கிலோ, சைக்கிள் 15 கிலோ, ஆக 70 கிலோ. நல்ல சரளையில் உருளும் தடை எடையில் நூறில் ஒரு பங்கு என்று கொள்ளலாம்: 0.7 கிலோ விசை. 100 மீட்டருக்கு 2 மீட்டர் ஏறும் ரயில் பாதையில் ஏற்றத்துக்காக 1.4 கிலோ. மொத்தம் 2.1 கிலோ. மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் இதற்கு வேண்டிய திறன் ஏறக்குறைய 58 வாட். சாதாரண மலைச் சாலை 100 மீட்டருக்கு 8 மீட்டர் ஏறினால்? அதே வேகத்துக்கு ஏறக்குறைய 173 வாட். (இந்த வேகத்தில் காற்றின் தடை சொற்பம், அதை விட்டுவிட்டேன்.) உடல்நலமுள்ள ஒருவர் 60 வாட் திறனை மணிக்கணக்கில் தர முடியும். 173 வாட் என்றால் பலருக்குச் சற்று நேரத்திலேயே மூச்சு வாங்கும். தாத்தாவும் பேத்தியும் ஒரே பாதையில் சேர்ந்து போக முடிவதன் இரகசியம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

ஸ்பெயினின் மிக நீண்ட பசுமைப் பாதைகளுள் ஒன்றின் பெயர் வேடிக்கையானது: ஓஹோஸ் நேக்ரோஸ். 'கருங்கண்கள்' என்று பொருள். தெருவெல் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் பெயர் அது. அங்கிருந்த இரும்புத் தாதைக் கடற்கரையிலுள்ள சகுந்தோவுக்குக் கொண்டுசெல்ல, 1907இல் ஒரு நிறுவனம் 200 கி.மீ.க்கு மேல் சொந்தமாகப் பாதை போட்டது. ஏற்கெனவே பக்கத்திலேயே வேறு கம்பெனியின் ரயில் ஓடிக்கொண்டிருந்தது! அவர்களுக்குக் கூலி கொடுக்க மனமில்லாமல் இணையாக இன்னொன்று. 1972இல் இந்தச் சுரங்க ரயில் நின்றது. இன்று அதில் ஏறக்குறைய 160 கி.மீ. சைக்கிள் பாதை.

தாது ஏற்றிய ரயில் மலையிலிருந்து கடலை நோக்கி இறங்கும். காலி ரயில் ஏறும். எஸ்காந்தோன் கணவாய் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நூறு கி.மீ.க்குக் குறைவான தூரத்தில் சுமார் 1,000 மீட்டர் இறங்குகிறோம். அதாவது, புவியீர்ப்பு முன்னே தள்ளும் விசையும் சரளை தடுக்கும் விசையும் கிட்டத்தட்டச் சமம். மெல்ல மிதித்தால் போதும், வண்டி போய்க்கொண்டே இருக்கும்.

இந்த இறக்கத்தில் இன்னொரு வியப்பும் உண்டு. 1,000 மீட்டர் உயரத்துக்குச் சராசரியாக 6.5 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் குறைகிறது அல்லவா? மேலே தெருவெல் பீடபூமி கடுங்குளிர்ப் பிரதேசம். ஓஹோஸ் நேக்ரோஸுக்கு அண்மையிலுள்ள கலமோச்சாவில் 1963 டிசம்பரில் பூச்சியத்துக்குக் கீழே 30 டிகிரி பதிவாயிற்று. அங்கே பைன் மரங்களும் குட்டைப் புதர்களும்தான். இறங்க இறங்க வாதுமைத் தோட்டங்கள் வரும். கடைசியில் வலென்சியாவின் ஆரஞ்சுத் தோப்புகள். தாவரவியல் புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டுவதுபோல், உயரத்துக்கேற்பச் செடிகொடிகள் மாறுவதை இரண்டு நாள் சைக்கிள் பயணத்தில் பார்த்துவிடலாம்.

தெற்கே ஹாயென் மாநிலத்தில் எங்கு திரும்பினாலும் ஒலிவ மரம். 6 கோடிக்கு மேல் இருக்கின்றன என்கிறார்கள். அங்கே ஓடிய ரயிலுக்கு 'எண்ணெய் ரயில்' என்றே பெயர். அதன் 128 கி.மீ. பாதையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரும்புப் பாலங்கள் பல இன்றும் உறுதியாக நிற்கின்றன. குவாதஹோஸ் ஆற்றுப் பாலம் ஏறக்குறைய 200 மீட்டர். குளிர்கால இரவுக்கும் கோடைப் பகலுக்கும் 40 டிகிரி வேறுபாடு என்றால், 200 மீட்டர் இரும்பு எவ்வளவு நீளும் தெரியுமா? 9.6 சென்டிமீட்டர்! நீளவும் சுருங்கவும் இடமில்லாமல் இரு முனைகளையும் இறுக்கிவிட்டால் பாலமே நெளிந்துபோகும். ஆகவே இத்தகைய நீண்ட இரும்புப் பாலங்களில் ஒரு முனையை உருளைகளின்மேல் உட்கார வைப்பது வழக்கம்.

எல்லாவற்றிலும் என் மனத்தைத் தொடுவது அந்தலூசியாவின் சியெர்ரா பாதைதான். புவெர்த்தோ செர்ரானோ என்ற ஊருக்கும் ஓல்வெராவுக்கும் இடையே 36 கி.மீ. அதற்குள் 30 குகைப்பாதைகள், 4 உயர்பாலங்கள்! 1920களில் பிரிமோ தே ரிவேரா ஆட்சியில் தொடங்கிய வேலை, பணமில்லாமல் தடைபட்டது. 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டது. குகைகள் தயார், பாலங்கள் தயார், நிலையக் கட்டடங்களும் எழும்பிவிட்டன. ஆனால் இந்தப் பகுதியில் ஒரு ரயில்கூட ஓடவில்லை. பாறை உடைத்தவர்கள் காணாத முதல் பயணிகள், பல பத்தாண்டுகளுக்குப் பிறகு சைக்கிளில் வந்தார்கள். அந்த நிலையங்களில் சில இன்று தங்கும் விடுதிகள்.

வழியில் சஃப்ராமகோன் என்ற சுண்ணாம்புப் பாறை தனித்து நிற்கிறது. நூற்றுக்கணக்கான கிரிஃபான் கழுகுகள் அதில் வாழ்கின்றன. சிறகு விரித்தால் ஏறக்குறைய 2.5 மீட்டர், எடை 7 முதல் 10 கிலோ. அந்த எடையைச் சிறகடித்தே தூக்கிக்கொண்டு நெடுந்தூரம் பறக்க அவற்றால் ஆகாது. காலையில் போனால் பாறையில் சும்மா உட்கார்ந்திருக்கும். வெயில் ஏறித் தரை சூடானதும் வெப்பக் காற்று தூண்போல் மேலே எழும். அப்போது ஒவ்வொன்றாக இறங்கி, அந்தத் தூணுக்குள் வட்டமிட்டு, சிறகை அசைக்காமலே உயரே போய்விடும். ஆகவே கழுகு பார்க்கப் போகிறவர்கள் அவசரப்படாமல் முற்பகலில் போவது நல்லது. பழைய நிலையக் கட்டடத்தில் கழுகுகளைக் காண ஒரு நோக்ககமும் இருக்கிறது.

குகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மிக நீண்ட குகை ஏறக்குறைய 1 கி.மீ. பாறை சூட்டை மெதுவாகத்தான் வாங்கும், மெதுவாகத்தான் விடும். அதனால் வெளியே அனல் வீசும்போதும் உள்ளே குளுமை. ஆனால் பளீரென்ற வெயிலிலிருந்து சட்டென்று உள்ளே நுழைந்தால் ஒன்றும் தெரியாது. இருளில் பார்க்க உதவும் கோல் செல்கள் முழுமையாகப் பழக அரை மணி நேரம்வரை ஆகும். விளக்குப் போட்டிருந்தாலும் குகை வாயில் வந்ததும் வேகத்தைக் குறைத்து, மணியை அடித்து, கையோடு கொண்டுவந்த விளக்கை ஏற்றிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். எதிரே நடந்து வருகிறவருக்கும் கண் கூசிப்போயிருக்கும்.