தாய் இறாலின் தீனியைப் பாருங்கள்!

அம்பாங் சந்தையில் ஊடாங் காலா விலையைக் கேட்டதும், "நாமும் ஒரு குளம் வெட்டினால் என்ன?" என்று நம் தோட்ட மக்களுக்குத் தோன்றும். நல்ல யோசனைதான். ஆனால் குஞ்சு பிழைக்கணுமே!

குஞ்சுக்கு உப்புக் கலந்த நீர் வேண்டும் என்பதை 1960-களின் தொடக்கத்தில் நம் மலேசிய மண்ணில்தான், ஐ.நா. உணவு நிறுவன நிபுணர் ஷாவ்-வென் லிங் கண்டறிந்தார். அடுத்த விஷயம், தாயின் தீனி.

பொரித்த குஞ்சு முதலில் முட்டைக் கருவிலுள்ள கொழுப்பைக் கொண்டே உயிர் வாழும். அது தாய் தின்ற தீனியிலிருந்து வருவது. மீன் எண்ணெய், கணவாய், சிப்பி சேர்ந்த தீனி கொடுத்தால் முட்டை நன்றாகப் பொரிக்கும். "எண்ணெய்தானே" என்று செம்பனை எண்ணெயை ஊற்றினால் போதாது. மீன் எண்ணெயிலுள்ள முக்கியக் கொழுப்பு அதில் இல்லை.

ஆகவே குஞ்சு வாங்கும்போது, "தாய்க்கு என்ன தீனி போட்டீங்க?" என்று கேட்டு வாங்குங்கள். போடுவது நம் வியர்வைக் காசல்லவா!