அப்பாவோட லேப்டாப் மறுபடி ஆன் ஆன கதை

போன வாரம் பரண்ல இருந்து அப்பாவோட 2005 மாடல் லேப்டாப்பை இறக்கினேன். அப்பா இப்போ இல்லை. அவர் எடுத்த போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு. பவர் பட்டனை அழுத்தினா லைட் எரியுது, ஆனா ஸ்க்ரீன் இருட்டு.

முதல்ல சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றினேன். பேட்டரி உப்பியிருந்தா திரும்பப் போடவே கூடாது, தீப்பிடிக்கலாம். அப்புறம் பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடிச்சேன். உள்ளே தேங்கியிருக்கிற மின்சாரம் வடியத்தான்.

அடுத்து ரேம். வருஷக்கணக்குல சும்மா கிடந்தா அதோட தங்க நிற முனைகள்ல அழுக்கு படிஞ்சிடும். கழற்றி, பென்சில் ரப்பரால மெதுவா தேய்ச்சு, திரும்பச் சொருகினேன். பேட்டரி இல்லாம சார்ஜரை மட்டும் போட்டு ஆன் பண்ணேன். ஸ்க்ரீன் வந்துடுச்சு!

ஆனா தேதி தப்பு, கூடவே ஒரு எரர். காரணம், மதர்போர்டுல இருக்கிற 3 வோல்ட் பட்டன் செல். கரண்ட் இல்லாதப்பவும் கடிகாரத்தை ஓட்டுறது அதுதான். அது தீர்ந்துபோச்சு. புதுசு மாத்தி, தேதியை செட் பண்ணதும் எரர் போயிடுச்சு.

இங்கதான் பலரும் தப்பு பண்றோம். ஆன் ஆன சந்தோஷத்துல அப்டேட், கேம்னு இறங்கிடுவோம். பழைய ஹார்ட் டிஸ்க் எப்போ நிக்கும்னு சொல்ல முடியாது. அதனால காப்பிதான் முதல் வேலை. லேப்டாப் ஆன் ஆகலையா? ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி, அதுக்குப் பொருந்துற யூஎஸ்பி அடாப்டர்ல மாட்டிப் பாருங்க.

அந்த போட்டோக்கள் இப்போ அம்மா போன்ல இருக்கு. லேப்டாப் இனி ஓடினாலும் சரி, ஓடலைன்னாலும் சரி.