அரிய நோய்க்கு இரண்டாவது மருத்துவக் கருத்து: எப்போது, யாரிடம், எப்படிப் பெறுவது?

திருவனந்தபுரம்: ஒரு மருத்துவர் தமது பணிக்காலம் முழுவதிலும் ஒருமுறைகூட நேரில் பார்த்திராத நோயாக இருக்கக்கூடியது அரிய நோய். அதனால்தான் இத்தகைய நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்படும்போது மற்றொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது வழக்கமான எச்சரிக்கை நடவடிக்கை என்ற நிலையைத் தாண்டி, சிகிச்சையின் போக்கையே தீர்மானிக்கும் படியாக அமைகிறது. அந்தக் கருத்தை யாரிடம் கேட்பது, எந்த ஆவணங்களுடன் செல்வது, எவ்வளவு காலம் காத்திருப்பது என்பவை நோயாளியின் குடும்பத்தினர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியவை.

உலகில் சுமார் 7,000 அரிய நோய்கள் அடையாளம் காணப்பட்டுள்ளதாக மதிப்பிடப்படுகிறது. இவற்றில் பெரும்பாலானவை மரபணுக் குறைபாட்டால் ஏற்படுபவை. பல நோய்கள் குழந்தைப் பருவத்திலேயே வெளிப்படுகின்றன. ஐரோப்பாவில் அரிய நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2024இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, முதல் அறிகுறி தோன்றியதிலிருந்து நோய் உறுதியாவதற்குச் சராசரியாக 4.7 ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை நோயாளி பல மருத்துவமனைகளுக்கு அலைவதும், வேறு நோய்க்கான மருந்தை உட்கொள்வதும் வாடிக்கையாக உள்ளன.

முதல் கணிப்பு ஏன் மாறுகிறது?

அரிய நோயின் தொடக்க அறிகுறிகள் பெரும்பாலும் சாதாரண நோயின் அறிகுறிகளைப் போலவே இருக்கும். வலிப்பு, தசைத் தளர்ச்சி, கல்லீரல் வீக்கம், நடை தடுமாற்றம், திடீர் மனநிலை மாற்றம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் பரவலாகக் காணப்படும் காரணங்கள் பல உண்டு. மருத்துவர் முதலில் அவற்றைச் சந்தேகிப்பது முறையானதே. சிகிச்சைக்கு நோய் கட்டுப்படாதபோதும் அதே கணிப்பு மறுபரிசீலனையின்றித் தொடர்ந்தால்தான் சிக்கல் எழுகிறது.

அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனைக்கு மேல் ஆலோசனைக்காக அனுப்பப்பட்ட 286 நோயாளிகளின் ஆவணங்களை ஆராய்ந்து 2017இல் வெளியிடப்பட்ட ஆய்வு இதைத் தெளிவுபடுத்துகிறது. முதல் நோயறிதல் முழுமையாகச் சரி என்று உறுதியானது 12 சதவீதத்தினருக்கு மட்டுமே. 66 சதவீதத்தினரின் நோயறிதல் மேலும் துல்லியமாக்கப்பட்டது. 21 சதவீதத்தினருக்கு முற்றிலும் வேறான நோய் இருப்பது தெரியவந்தது. இவர்கள் அனைவரும் அரிய நோயாளிகள் அல்லர். கணிப்பதற்குக் கடினமான நிலையில் இருந்ததால் மேல் ஆலோசனைக்கு அனுப்பப்பட்டவர்கள். எனவே இந்த விகிதத்தை எல்லா நோயாளிகளுக்கும் பொருத்திப் பார்க்க இயலாது.

நியூயார்க்கைச் சேர்ந்த செய்தியாளர் சூசன்னா கஹாலனுக்கு 2009இல் ஏற்பட்ட அனுபவம் மருத்துவ உலகில் பரவலாகப் பேசப்படுகிறது. 24 வயதில் அவருக்கு வலிப்பும், மனப்பிரமையும், நடத்தை மாற்றமும் ஏற்பட்டன. மனநோய், மதுப்பழக்கத்தின் விளைவு எனப் பல கணிப்புகள் கூறப்பட்டன. பின்னர் அவரைப் பரிசோதித்த நரம்பியல் மருத்துவர் சுஹேல் நஜ்ஜார், ஒரு கடிகாரத்தின் முகப்பை வரையச் சொன்னார். அவர் எல்லா எண்களையும் வட்டத்தின் வலப்பக்கத்திலேயே எழுதினார். மூளையின் ஒரு பகுதி பாதிக்கப்பட்டிருப்பதை அது காட்டியது. உடலின் எதிர்ப்பாற்றலே மூளையைத் தாக்கும் ஒருவகை மூளை அழற்சி அவருக்கு இருப்பது கண்டறியப்பட்டது. அந்த நோய்க்குக் காரணமான எதிர்ப்பொருள் மருத்துவ இதழ்களில் விவரிக்கப்பட்டு அப்போது 2 ஆண்டுகளே ஆகியிருந்தன. உரிய சிகிச்சையால் அவர் குணமடைந்து பணிக்குத் திரும்பினார்.

கலிபோர்னியாவைச் சேர்ந்த இரட்டைக் குழந்தைகளுக்கு 2 வயதில் பெருமூளை வாதம் எனக் கூறப்பட்டது. சில ஆண்டுகளுக்குப் பின்னர் வேறொரு நிபுணர், டோபா என்ற மருந்துக்குக் கட்டுப்படும் அரிய வகை தசை இறுக்க நோயாக இது இருக்கலாம் எனக் கருதி மருந்தைத் தொடங்கியபோது பெரும் முன்னேற்றம் ஏற்பட்டது. அவர்களது முழு மரபணுத் தொகுதியும் ஆராயப்பட்டு 2011இல் நோயின் மூலக் காரணமும் கண்டறியப்பட்டது. அதற்கேற்பச் சிகிச்சை மேலும் மாற்றப்பட்டது.

அதிகம் பார்த்தவரே அறிவார்

அரிய நோயைப் பொறுத்தவரை இரண்டாவது கருத்தின் மதிப்பு, அதைக் கூறும் மருத்துவரின் புகழைவிட அவர் அந்த நோயாளிகளை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார் என்பதையே சார்ந்துள்ளது. இதற்குத் திருவனந்தபுரத்திலேயே வரலாற்றுச் சான்று உண்டு.

இதயத்தின் உள்ளறைச் சுவர் தடித்து இறுகிப்போகும் எண்டோமயோகார்டியல் ஃபைப்ரோசிஸ் என்ற நோய் உலகின் பெரும்பகுதியில் அரிதானது. உகாண்டாவில் 1940களின் இறுதியில் விவரிக்கப்பட்ட இந்நோய், கேரளத்தில் ஒரு காலத்தில் கணிசமாகக் காணப்பட்டது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தின் முதல் இயக்குநரான மருத்துவர் எம்.எஸ். வலியத்தான் இந்நோயாளிகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்ததுடன், மண்ணிலுள்ள சீரியம் என்ற தனிமத்துக்கும் மெக்னீசியம் பற்றாக்குறைக்கும் நோயுடன் தொடர்புண்டா என்பதையும் ஆராய்ந்தார். பிற நாடுகளின் இதய நிபுணர்கள் பாடநூலில் மட்டுமே அறிந்திருந்த நோயை இந்நகர மருத்துவர்கள் நேரில் கண்டு பழகியிருந்தனர்.

1980ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்ட ஸ்ரீ சித்திரை நிறுவனம், இதயம் மற்றும் நரம்பு சார்ந்த சிக்கலான நோய்களுக்குத் தென்னிந்தியாவின் முக்கிய மையங்களில் ஒன்று. அரசு மருத்துவக் கல்லூரி, தாய் சேய் நலத்துக்கான எஸ்.ஏ.டி. மருத்துவமனை, மண்டலப் புற்றுநோய் மையம் ஆகியவையும் அதே வளாகப் பகுதியில் உள்ளன. நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்ட நோயாளிகளும் இங்கு வருகின்றனர்.

நிதியுதவிக்கும் இதுவே வாயில்

மத்திய அரசு 2021 மார்ச் மாதத்தில் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை அறிவித்தது. நோய்கள் 3 பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டன. ஒருமுறை அளிக்கும் சிகிச்சையால் குணப்படுத்தக்கூடியவை முதல் பிரிவு. ஒப்பீட்டளவில் குறைந்த செலவில் நீண்டகாலச் சிகிச்சை தேவைப்படுபவை இரண்டாவது பிரிவு. சிகிச்சை இருந்தும், மிக அதிகச் செலவில் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியவை மூன்றாவது பிரிவு. 2022இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, எந்தப் பிரிவைச் சேர்ந்த நோயாளிக்கும் ரூ.50 லட்சம் வரை நிதியுதவி வழங்கப்படலாம்.

இந்தத் தொகை நோயாளியின் கையில் அளிக்கப்படுவதில்லை. அங்கீகரிக்கப்பட்ட உயர் சிறப்பு மையத்தில் நோயாளி பரிசோதிக்கப்பட்டு, தகுதி உறுதிசெய்யப்பட்ட பிறகு அந்த மையத்தின் வழியாகச் சிகிச்சைக்குச் செலவிடப்படுகிறது. தொடக்கத்தில் 8 ஆக இருந்த இம்மையங்களின் எண்ணிக்கை பின்னர் 12 ஆக உயர்ந்தது. பின்னர் சேர்க்கப்பட்டவற்றில் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனையும், சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும் அடங்கும். தனியார் மருத்துவமனையில் நோய் கண்டறியப்பட்டிருந்தாலும் மத்திய அரசின் உதவிக்கு இத்தகைய மையத்தின் மதிப்பீடு அவசியம். கேரள அரசும் 2024 பிப்ரவரியில் ‘கேர்’ என்ற பெயரில் அரிய நோய்களுக்கான தனித் திட்டத்தைத் தொடங்கியது.

காலமும் இங்கு முக்கியம். முதுகுத் தண்டுவடத் தசைநார்ச் சிதைவு நோயில் அழிந்துபோன நரம்பு அணுக்களை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. எஞ்சியிருப்பவற்றைக் காப்பதே சிகிச்சையின் நோக்கம். எனவே நோய் உறுதியாவதில் ஏற்படும் ஒவ்வொரு மாதத் தாமதமும் குழந்தையின் இயக்கத்திறனைப் பாதிக்கும்.

சட்டமும் விதிகளும் கூறுவது என்ன?

மற்றொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்டால் முதல் மருத்துவர் மனம் வருந்துவார் என்ற தயக்கம் பலருக்கு உண்டு. தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்து 2018இல் வெளியான நோயாளிகள் உரிமைச் சாசனம் இதை நோயாளியின் உரிமையாகவே வரையறுக்கிறது. இரண்டாவது கருத்துக்குத் தேவையான ஆவணங்களைக் கூடுதல் கட்டணமோ தாமதமோ இன்றி மருத்துவமனை வழங்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. சாசனத்தை ஏற்றுச் செயல்படுத்துமாறு மாநிலங்களை மத்திய சுகாதார அமைச்சகம் கேட்டுக்கொண்டது.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிமுறைகளின்படி, நோயாளியோ அவர் அனுமதித்தவரோ மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் அளிக்க வேண்டும். சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் அளித்த தீர்ப்பு, சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், ஆபத்துகள் ஆகியவற்றை நோயாளிக்கு விளக்கிய பின்னரே ஒப்புதல் பெற வேண்டும் என வலியுறுத்தியது. மாற்று வழிகள் பற்றிக் கேட்கும் உரிமை அதிலேயே அடங்கியுள்ளது.

என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

இரண்டாவது மருத்துவரிடம் வெறுங்கையுடன் சென்றால் அதே பரிசோதனைகளை மீண்டும் செய்ய நேரிடும். பின்வருவனவற்றைத் திரட்டி வைத்துக்கொள்வது நல்லது:

* முதல் அறிகுறி தொடங்கி இன்றுவரை நடந்தவற்றைத் தேதி வாரியாகக் குறிப்பிடும் ஒரு பக்கச் சுருக்கம்.
* மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பியபோது அளிக்கப்பட்ட சுருக்க அறிக்கைகள், ரத்தப் பரிசோதனை முடிவுகள்.
* ஸ்கேன் அறிக்கையுடன் அதன் மூலப் படங்கள் அடங்கிய குறுந்தகடு. நிபுணர் அறிக்கையை மட்டும் படிக்காமல் படத்தையே மீண்டும் பார்ப்பார்.
* திசுப் பரிசோதனை செய்திருந்தால் அதன் கண்ணாடித் தகடுகளும், மெழுகில் பதித்த திசுத் துண்டும்.
* மரபணுப் பரிசோதனையின் முழு அறிக்கை. ஆய்வகத்திடம் கேட்டு மூலத் தரவையும் பெற்று வைப்பது பின்னர் உதவும்.
* உட்கொண்ட மருந்துகள், அளவு, எந்த மருந்துக்கு என்ன பலன் அல்லது பக்கவிளைவு என்ற விவரம்.
* வலிப்பு, நடுக்கம் போன்றவை வந்துபோகும் தன்மையுடையவை என்றால் அவற்றைப் பதிவுசெய்த கைப்பேசிக் காணொளி.
* குடும்பத்தில் இதே போன்ற நோய், இளவயது மரணம், உறவுமுறைத் திருமணம் பற்றிய குறிப்பு.

‘இது என்ன நோய்’ என்று பொதுவாகக் கேட்பதைவிட, ‘இந்தக் கணிப்புடன் பொருந்தாத அறிகுறி ஏதேனும் உள்ளதா, சிகிச்சையளிக்கக்கூடிய வேறு எந்த நோய் இப்படித் தோன்றும், எந்தப் பரிசோதனையால் அதை விலக்கலாம்’ என்று கேட்பது தெளிவான பதிலைப் பெற்றுத்தரும். தொலைதூர நோயாளிகள் முதற்கட்ட ஆலோசனையைக் காணொளி மூலம் பெறவும் வழியுண்டு. இதற்கான தொலைமருத்துவ வழிகாட்டுதல்களை மத்திய அரசு 2020 மார்ச் 25இல் வெளியிட்டது. உடல் பரிசோதனை தேவைப்படும் நோய்களில் நேரில் செல்வதைத் தவிர்க்க இயலாது. முன்பதிவு, பரிந்துரைக் கடிதம் தொடர்பான விதிகள் மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறுபடும் என்பதால் பயணத்துக்கு முன் அவற்றைக் கேட்டறிய வேண்டும்.

இரு கருத்துகளும் முரண்பட்டால்?

இரண்டாவதாகக் கூறப்பட்டது என்பதாலேயே ஒரு கருத்து சரியாகிவிடாது. இரு மருத்துவர்களும் எந்தச் சான்றின் அடிப்படையில் வேறுபடுகின்றனர் என்பதை எழுத்தில் பெற்று, அதை முதல் மருத்துவரிடமும் காட்டலாம். பல துறை நிபுணர்கள் கூடி விவாதிக்கும் வசதியுள்ள மருத்துவமனையை நாடுவதும் ஒரு வழி. அதே கருத்து உறுதியானால் அதுவும் பயனே. நீண்டகாலச் சிகிச்சையைத் தயக்கமின்றித் தொடங்க அது உதவும்.

மரபணுப் பரிசோதனையில் ‘முக்கியத்துவம் தெளிவற்ற மாற்றம்’ என வந்தால் அதை நோய் உறுதியானதாகவோ இல்லையெனவோ கொள்ளக் கூடாது. பெற்றோரின் மரபணுவையும் ஒப்பிட்டு, மரபியல் மருத்துவரே விளக்கம் அளிக்க வேண்டும். புதிய மரபணுக்கள் தொடர்ந்து கண்டறியப்படுவதால், விடை கிடைக்காத பழைய தரவைச் சில ஆண்டுகளுக்குப் பின் மறுஆய்வு செய்யும்போது நோய் தெரியவருவதும் உண்டு.

காத்திருக்கக் கூடாத நேரம்

எல்லா அரிய நோய்களும் ஆலோசனைக்கு அவகாசம் தருவதில்லை. கேரளத்தில் கவலையை ஏற்படுத்திவரும் அமீபா மூளைக்காய்ச்சல் இதற்கு எடுத்துக்காட்டு. நெக்லேரியா ஃபௌலேரி என்ற அமீபாவால் பாதிக்கப்பட்டோரில் உலக அளவில் சுமார் 97 சதவீதம் பேர் உயிரிழந்துள்ளனர். 2024 ஜூலையில் கேரள அரசு இதற்கெனச் சிறப்பு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதே மாதத்தில் கோழிக்கோட்டில் சிகிச்சை பெற்ற 14 வயதுச் சிறுவன் குணமடைந்ததற்கு, தொடக்கத்திலேயே நோயைச் சந்தேகித்து மருந்து தொடங்கப்பட்டது முக்கியக் காரணம். கடும் காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, நிற்காத வலிப்பு, மூச்சுத்திணறல், நினைவிழப்பு ஆகியவை இருக்கும்போது உடனடிச் சிகிச்சையே முதன்மை. நிபுணர் கருத்தை மருத்துவமனையில் இருந்தபடியே மருத்துவர்கள் மூலம் பெறலாம்.

மருந்தில்லை என்று கூறப்பட்ட குடும்பங்களைக் குறிவைத்து, முழு குணம் தருவதாக விளம்பரம் செய்வோரிடமும் எச்சரிக்கை தேவை. அங்கீகரிக்கப்பட்ட சில ரத்த நோய்கள் உள்ளிட்ட பாதிப்புகளுக்கான ரத்த உற்பத்திக் குருத்தணு மாற்றுச் சிகிச்சையைத் தவிர, பிற குருத்தணுச் சிகிச்சைகளை மருத்துவ ஆய்வுக்கு வெளியே அளிக்கக் கூடாது என 2017ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டுதல்கள் கூறுகின்றன.

நோயறிதலில் மாற்றம் ஏற்படும்வரை, ஏற்கெனவே அளிக்கப்பட்டுவரும் மருந்துகளை நோயாளிகள் தாமாக நிறுத்தக் கூடாது. வலிப்பு மருந்து, ஸ்டீராய்டு போன்றவற்றைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். மற்றொரு மருத்துவரை நாடியிருப்பதை முதல் மருத்துவரிடம் தெரிவித்து, இருவரின் தொடர்பிலும் இருந்தபடி சிகிச்சையைத் தொடர்வதே பாதுகாப்பான வழி.