இடுப்பின் அடித்தளம்

கை வலுப்பெற எடை தூக்குகிறோம். கால் வலுப்பெற ஓடுகிறோம். ஆனால், இடுப்பின் அடியிலிருந்து நாள்தோறும் நம்மைத் தாங்கும் தசைகளைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அதற்குக் காரணம் அறியாமை மட்டும் அன்று, வெட்கமும் ஆகும். அவ்வெட்கத்தால் விளையும் துன்பம் பெரிது என்பதாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

அடிவயிற்றின் கீழ் முன்புறமுள்ள எலும்பிலிருந்து முதுகெலும்பின் வால்நுனி வரை, ஒரு தூளியைப் போல் இத்தசைகள் விரிந்திருக்கின்றன. இவற்றை இடுப்புத்தளத் தசைகள் என்பர். சிறுநீர்ப்பை, மலக்குடல், பெண்களுக்குக் கருப்பை ஆகியவற்றைத் தாங்குவதும், சிறுநீரும் மலமும் வேண்டாத நேரத்தில் வெளியேறாமல் அடக்குவதும் இவற்றின் பணி.

தூளியின் துணி நைந்தால் என்னாகும்? மகப்பேறு, முதுமை, மிகு பருமன், நாட்பட்ட இருமல், மலச்சிக்கல் ஆகியவற்றால் இத்தசைகள் தளர்கின்றன. ஆடவர்க்குப் புராஸ்டேட் சுரப்பியை அகற்றிய பின் சிறுநீரை அடக்கும் ஆற்றல் குறைவதுண்டு. இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசியும். இதற்கு அஞ்சிப் பேருந்துப் பயணத்தையும் திருமண வீட்டையும் தவிர்க்கும் தாய்மார் உளர். தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வோரும் உளர். 'பிள்ளை பெற்றவளுக்கு இது இயல்புதானே' என்று அவர்கள் வாய் மூடிவிடுகின்றனர்.

வாய் மூட வேண்டுவதில்லை. இவையும் நாம் விரும்பியபடி இயக்கக்கூடிய தசைகளே; ஆகவே பயிற்சியால் வலுப்பெறும். அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-ஆம் ஆண்டில் இப்பயிற்சியை முறைப்படுத்தி வெளியிட்டார். நம் நாட்டு யோகத்தில் மூலபந்தம் என்பதும் இப்பகுதியைச் சுருக்குவதே. 2018-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, இருமும்போது சிறுநீர் கசியும் பெண்களுள் பயிற்சி செய்தோரில் நூற்றுக்கு 56 பேர் குணமடைந்ததாகக் கூறினர். செய்யாதோரில் 6 பேரே அவ்வாறு கூறினர்.

பயிற்சி எளிது. காற்றுப் பிரியாமல் அடக்குவது போல் அத்தசையை உள்நோக்கி மேலே இழுங்கள். ஐந்து விநாடி நிறுத்துங்கள்; அதே அளவு நேரம் முழுதும் தளர்த்துங்கள். இவ்வாறு 10 முறை, நாளுக்கு மூன்று வேளை செய்க. நாளடைவில் 10 விநாடி வரை நீட்டலாம். மூச்சை அடக்குதலும், வயிறு, தொடை, பிட்டம் இவற்றை இறுக்குதலும் கூடா. இத்தசையில் மெல்ல இயங்கும் இழைகளும் விரைந்து இயங்கும் இழைகளும் கலந்துள்ளன. எனவே சில விரைவான சுருக்கங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இருமலோ தும்மலோ வருமுன் தசையைச் சுருக்கிக்கொண்டால் கசிவு குறையும். சிறுநீர் கழிக்கும்போது இதனைப் பழகுதல் தகாது.

பலன் ஓரிரு நாளில் வாராது. மூன்று மாதமேனும் விடாது செய்தல் வேண்டும். இடுப்பில் வலியோ, சிறுநீரில் குருதியோ காணின் முதலில் மருத்துவரை நாடுக. தசை தளராமல் இறுகியிருப்போர்க்கு இப்பயிற்சி வலியை மிகுதிப்படுத்தவும் கூடும்.

நண்பர்களே! ஊரை விட்டு வெகு தொலைவில் பயில்கிறோம். விடுமுறையில் செல்லும்போது தாய்க்குப் புடவையும், தந்தைக்கு வேட்டியும் வாங்கிச் செல்கிறோம். இச்செய்தியையும் உடன் கொண்டு செல்வோம். நேரே சொல்ல நா எழவில்லையெனில், இந்தப் பக்கத்தை மடித்து அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்; படித்துக்கொள்வார்கள்.