குறி நீக்கலும் குறி பகுத்தலும்: எழுத்துவழி உலாவியின் அடிப்படை

1991இல் செர்ன் ஆய்வகத்திலிருந்து வெளிவந்த வரிமுறை உலாவி, படமின்றி எழுத்தை மட்டுமே திரையில் காட்டியது. அத்தகைய உலாவியை அமைக்க, மீயுரைக் கோப்பில் கோண அடைப்புக்குள் வரும் குறிகளை நீக்கினால் போதும் எனத் தோன்றும். அது பிழை. தடித்த எழுத்தைச் சுட்டும் குறி சொல்லின் நடுவிலும் வரலாம். அங்கு இடைவெளி தோன்றலாகாது. வரிமுறிப்புக் குறியோ புதுவரியாக மாறவேண்டும். மூலத்தில் வேறு இடைவெளி இல்லாதபோது அதனை வெறுமனே நீக்கினால், ஓரடியின் ஈற்றுச்சீர் அடுத்த அடியின் முதற்சீரோடு ஒட்டி, நூலில் இல்லாத சொல்லொன்று பிறக்கும். அதிலிருந்து தொகுக்கும் சொல்லடைவும் பிழைபடும். வரியை மடக்கும்போதும் கவனம் வேண்டும். ஒருங்குறியில் 'கி' என்பது இரண்டு குறியெண்களால் ஆனது. அவற்றினிடையே வெட்டினால் எழுத்துச் சிதையும். ஆதலின், குறி பகுத்தலைப் பாடங்காக்கும் பதிப்புப் பணியின் ஒரு கூறாகவே கொள்ளுதல் தகும்.